ஆள் வருது

தம்பி, தம்பி, அந்தத் துண்ட நகத்தாதீங்க. என்னோடதுதான். ஆமா, உள்ள ஒண்ணுமில்ல, வெறும் துண்டுதான், நான்தான் முடிஞ்சு வச்சிருக்கேன். ஆனா அந்த எடத்துக்கு ஆள் வருது.

கோவிச்சுக்காதீங்க. உங்க சீட்டு இதுதான, என் பக்கத்துல? உக்காருங்க. பைய இப்போதைக்கு மடியில வச்சுக்குங்க. ஹோஸ்டஸ் பொண்ணு வந்தா வேற எங்கயாச்சும் எடம் பாத்துக் குடுக்கும். இன்னும் பாதி ஜனம் ஏறவே இல்ல. கேட்டுல கம்ப்யூட்டர் நின்னுபோச்சாம், ஒவ்வொரு டிக்கெட்டா கையால எழுதிக்கிட்டிருக்காங்க. அரை மணி நேரம் ஆகும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. பதினோரு வருசமா திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் போயிட்டு வந்துக்கிட்டிருக்கேன், மாசத்துக்கு மூணு தடவை. இந்த ப்ளேன்ல தலைக்கு மேல இருக்கிற பொட்டியில எந்தப் பொட்டி ஆழம், எந்தப் பொட்டியில ஆக்சிஜன் உருளைய வச்சு எடத்த அடைச்சிருப்பாங்கன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

என் பேரு பிலோமினா. பாலக்கரையில யாரக் கேட்டாலும் பிலோமி அக்கான்னா தெரியும். நான் குருவி. சிரிக்காதீங்க, தொழிலுக்குப் பேரே அதுதான். திருச்சியிலேருந்து சேலை, பொடி, மல்லிப்பூ இதெல்லாம் இங்க கொண்டுவந்து குடுக்கிறது. இங்கேருந்து க்ரீம், தைலம், மிட்டாய், மெஷின் சாமான்னு பார்ட்டி என்ன குடுக்குதோ அத அங்க கொண்டுபோய்ச் சேர்க்கிறது. என்ன சாமான்னு கேக்க மாட்டேன். கையில தூக்கிப் பாப்பேன், ஏழு கிலோவா இல்லையா, அவ்வளவுதான். என் கை தராசு தம்பி. ஏழுன்னு கை சொன்னா மெஷினும் ஏழுதான் காட்டும், இம்மி பிசகாது. அதாவது, முன்னாடியெல்லாம் பிசகாது.

எங்க பொழப்பே இந்த மேல் பொட்டிதான். கீழ் லக்கேஜுல போட்டா திருச்சியில பெல்ட்டுல வர்றதுக்குள்ள பை மேல கஸ்டம்ஸோட சாக்பீஸ் கோடு விழுந்துடும். அப்புறம் ஓரமாக் கூட்டிட்டுப் போய்த் தொறக்கச் சொல்லுவாங்க. மேல வச்சா நம்ம கூடவே வரும், நம்ம கூடவே எறங்கும். அதனால யாரு முதல்ல ஏறுறாங்களோ அவங்க பொழச்சாங்க. நான் எப்பவும் முதல்ல ஏறிடுவேன். எப்படிங்கிறீங்க? வீல்சேர். காலுக்கு ஒண்ணுமில்ல, ஓடச் சொன்னா ஓடுவேன். முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஒருத்தர் தள்ளிக்கிட்டு வந்து எல்லாருக்கும் முன்னாடி சீட்டுல உக்கார வச்சிட்டுப் போவாரு. யாருக்கு என்ன நஷ்டம்? இன்னைக்கும் அப்படித்தான் வந்தேன். திருச்சியில எறங்குறப்ப பாருங்க, உங்களுக்கு முன்னாடி நடந்து போவேன்.

ஏறினதும் துண்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்ட வீசி எடம் பிடிப்போம்ல, அதேதான். மேல் பொட்டியில துண்ட விரிச்சு, கைப்பைய அது மேல குறுக்கால படுக்க வச்சுட்டா ரெண்டு பை எடம் நமக்கு. யாராச்சும் வந்து கேட்டா 'ஆள் வருது'ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. நம்ம ஜனங்ககிட்ட அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. துண்டு கெடந்துச்சுன்னா, ஆள் வருதுன்னு சொன்னா, ஒதுங்கிப் போயிடுவாங்க. வெள்ளைக்காரன் போக மாட்டான், சீனன் போக மாட்டான். நம்ம ஆளுதான் போவான்.

என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, நான் சொல்லிடறேன். இல்லாட்டி மறந்துடும். மறந்துடும்னா, மறக்காது, அதான் கஷ்டமே.

போன வருசம் ஆடி மாசம். இதே மாதிரி பகல் ப்ளேன். அன்னைக்கு ஜெயராணி என்கூட வர வேண்டியது. ஜெயராணின்னா என் கூட்டாளி, அரியமங்கலத்துக்காரி, அவளும் குருவிதான். என் பார்ட்டியோட சாமான் ஒரு பை அவகிட்ட இருந்துச்சு. அந்தப் பை கீழ போச்சுன்னா என் பேரு போச்சு. நான் முதல்ல ஏறி எடம் பிடிக்கணும், அவ பின்னால வந்து பைய வைக்கணும். எங்க ஏற்பாடு எப்பவும் அதுதான். நானும் ஏறினேன், துண்ட போட்டேன், உக்காந்துட்டேன். இதே வரிசைதான். எனக்கு முன் வரிசை எமர்ஜென்ஸி கதவு வரிசை. அதுக்கு மேல இருக்கிற பொட்டியிலதான் துண்டு.

ஜனம் ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்குது. ஒவ்வொருத்தனும் ஒரு கடையவே தூக்கிட்டு வர்றான். ஒருத்தன் ஆளு உசரத்துக்கு ஒரு கரடி பொம்மை. அதுக்கு ஒரு பொட்டி. ஒரு அம்மா சுருட்டின பாய். ஆளாளுக்கு அடுத்தவன் பைய அமுக்குறான், தள்ளுறான், கதவ ரெண்டு கையால குத்திச் சாத்துறான். பத்து நிமிசத்துல எல்லாப் பொட்டியும் நிறைஞ்சு போச்சு. என் துண்டு போட்ட எடம் மட்டும்தான் பாக்கி. அஞ்சாறு பேரு வந்து கேட்டாங்க. ஆள் வருது, ஆள் வருதுன்னு எல்லாரையும் திருப்பி விட்டுட்டேன். ஜெயராணி வந்த பாடில்லை.

கடைசியா ஒரு தம்பி வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். சட்டை புதுசு, கடை மடிப்பு கூடக் கலையல. கையில ஒரு ரெக்சின் பை. அதத் தோள்ல மாட்டல, கையில தொங்க விடல, நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சிருந்துச்சு. நீங்க பிடிச்சிருக்கீங்களே, இப்படித்தான். முன் வரிசையில, கதவு ஓரமா அதுக்கு சீட்டு. கதவுக்குப் பக்கத்து சீட்டுல கால்கிட்ட எதுவும் வைக்க விட மாட்டாங்க, மடியிலயும் கூடாது, மேலதான் வைக்கணும். அந்தத் தம்பி மேல பாத்துச்சு. அப்புறம் திரும்பி என்னப் பாத்துச்சு.

"அக்கா, இந்தத் துண்ட கொஞ்சம் ஒதுக்கிக்கலாங்களா? சின்னப் பைதான். ரெண்டரைக் கிலோதான்."

"ஆள் வருதுப்பா."

"அப்படிங்களா. சரிங்கக்கா."

அவ்வளவுதான் தம்பி. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசல. சண்டை போட்டிருந்தா எனக்கு இந்த வேதனையே இல்ல. சண்டை போடுறவங்கள எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது பேசாம நின்னுச்சு. எனக்காக நின்னுச்சு. என் ஆள் வந்து வைக்கட்டும், வச்சபிறகு ஓரமா எடம் மிஞ்சினா நாம வச்சுக்கலாம்னு நின்னுச்சு போல.

அப்ப ப்ளேன் ஸ்டூவர்ட்டு ஒருத்தரு வந்தாரு. மலாய்க்காரரு, நல்ல மனுசன்தான், ஆனா அவசரம். லிஸ்டுல ஒரு ஆளு பாக்கி இருந்ததால என் துண்ட அவரு தொடல. நேரா இந்தத் தம்பி பைய வாங்கப் போனாரு, கீழ அனுப்புறதுக்கு. தம்பி குடுக்கல. ஏதோ சொல்லுச்சு. என்ன சொல்லுச்சுன்னு எனக்குக் காதுல விழல. மேல குளிர்காத்து வர்ற சத்தம், புள்ளைங்க அழுகை, ஒண்ணும் கேக்கல. சட்டைப் பையிலேருந்து ஏதோ காகிதத்த எடுக்கப் போச்சு. அதுக்குள்ள அவரு பையில லக்கேஜ் சீட்டு கட்டிட்டாரு. கொண்டு போயிட்டாங்க. என் மேல என்ன தப்பு, சொல்லுங்க? நான் எடம் பிடிச்சேன். முதல்ல வந்தேன், பிடிச்சேன். ப்ளேன்காரன் பண்ணது அது.

கதவச் சாத்துனாங்க. ஜெயராணி வரல. வந்து போற கணக்குல ஏதோ சந்தேகம்னு அவள இமிகிரேஷன்லயே நிறுத்தி வச்சிட்டாங்களாம், பின்னாடிதான் தெரிஞ்சுது. மூணே முக்கால் மணி நேரம் அந்த எடம் சும்மாவே வந்துச்சு தம்பி. ஒரு துண்டு, ஒரு கைப்பை. அவ்வளவுதான்.

அந்தத் தம்பி ஒண்ணு பண்ணுச்சு. ப்ளேன் நகந்ததும் செருப்பக் கழட்டிட்டு ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வச்சுக்கிச்சு. ஹோஸ்டஸ் வந்து காலைக் கீழ வைங்கன்னுச்சு. வச்சுச்சு. அது அந்தப் பக்கம் போனதும் மறுபடி தூக்கிக்கிச்சு. சாப்பாடு குடுத்தப்பவும் அப்படியே. பாத்ரூமுக்குப் போறப்பவும் குதிங்கால் தரையில படாம நுனிக்கால்ல போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பட்டிக்காட்டு ஆளு, ப்ளேனுக்குப் புதுசு, பயப்படுதுன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்தவருகிட்டக் கூட சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சேன் தம்பி, பொய் சொல்லல.

திருச்சியில பெல்ட்டு. என் பை கையிலதான், நான் நிக்க வேண்டியதே இல்ல. ஆனா நின்னேன். ஏன் நின்னேன்னு இன்னைக்கும் தெரியல. அந்த ரெக்சின் பை வந்துச்சு. ஜிப்பு ஓரமா சாம்பல் நிறத்துல மாவு மாதிரி கசிஞ்சுக்கிட்டே வந்துச்சு. யாரோ அரிசி மாவு கொட்டிட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. அந்தத் தம்பி ஓடிப்போயிப் பைய எடுத்துத் தரையில வச்சுத் தொறந்துச்சு. உள்ள ஒரு மண் கலயம். மூணா உடைஞ்சு கெடந்துச்சு.

தம்பி, அது அவங்க அண்ணன். வெள்ளைச்சாமின்னு பேரு. இங்க கையுறை செய்யிற ஃபேக்டரியில வேலை பாத்தவரு, மாரடைப்புல போயிட்டாரு. உடம்ப அனுப்ப முடியல, இங்கேயே எரிச்சிட்டாங்க. அஸ்தி வாங்கிட்டுப் போகத்தான் விராலிமலைப் பக்கத்துலேருந்து தம்பிக்காரன் வந்திருந்துச்சு. அடைக்கலம்னு பேரு. பாஸ்போர்ட்டே அதுக்காக எடுத்ததுதான். அம்மா வெளிய காத்துக்கிட்டிருந்தாங்க.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, காலை ஏன் தூக்கி வச்சுக்கிச்சுன்னு. கீழ அண்ணன் இருக்காரு. மூத்தவரு மேல கால வைக்க அதுக்கு மனசு வரல. மூணே முக்கால் மணி நேரம்.

அடைக்கலம் முட்டி போட்டு ரெண்டு கையாலயும் வழிச்சு வழிச்சு அள்ளுச்சு. எலும்பு ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. ஜனம் சுத்தி நின்னுச்சு, சிலரு தாண்டிப் போனாங்க. துணி ஏதாச்சும் இருக்குங்களான்னு கேட்டுச்சு. நான் என் துண்ட எடுத்துக் குடுத்தேன். அதுல அள்ளி வச்சு, நாலு மூலையும் சேத்து முடிஞ்சுச்சு. முடியறப்ப துண்ட உத்துப் பாத்துச்சு. பச்சைக் கட்டம், ஓரத்துல மஞ்சள் கரை. மறக்குற துண்டா?

"இது மேல போட்டிருந்த துண்டுல்லக்கா?"

"ஆமாப்பா."

"உங்க ஆளு வந்துட்டாங்களா?"

என்னப் பாத்த அந்த மூஞ்சியில கோவம் இல்ல, குத்தல் இல்ல. நெசமாவே கேட்டுச்சு. என் ஆளு ப்ளேன விட்டுட்டாங்களோன்னு அதுக்குக் கவலை. மூணு துண்டாக் கெடக்கிற கலயத்து முன்னாடி உக்காந்துக்கிட்டு எனக்காகக் கவலைப்படுது.

"வந்துட்டாங்கப்பா"ன்னேன்.

"நல்லதுங்கக்கா."

பெல்ட்டு நிக்கல தம்பி. அதுல கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்துச்சு. அது பாட்டுக்குச் சுத்தி, அந்த ரப்பர் திரைக்குப் பின்னால போச்சு, வந்துச்சு, போச்சு. அடைக்கலம் அதுக்காக மூணு சுத்து நின்னு பாத்துச்சு. அப்புறம் யாரோ பெரிய பொட்டிய அது மேல தூக்கிப் போட்டாங்க.

வெளிய வெயில்ல, காரு நிறுத்துற எடத்து ஓரமா அந்த அம்மா உக்காந்திருந்தாங்க. மடியில வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருந்தாங்க. மூத்த மகன மடியில வாங்கணும்னு. நான் தூரமா நின்னேன். அடைக்கலம் மூட்டைய மடியில வச்சதும் அந்த அம்மா அத ரெண்டு கையாலயும் தூக்கினாங்க. தூக்கி, கையில வச்சு, மேலயும் கீழயும் அசைச்சுப் பாத்தாங்க. நாங்க சாமான் எடை பாப்போமே, அப்படி. "பொறந்தப்ப இருந்த கனம் கூட இல்லையேடா"ன்னாங்க. சத்தம் போட்டு அழல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அது என் காதுல இன்னும் இருக்கு.

அவங்க கையப் பாத்தே எனக்கு எடை தெரிஞ்சுபோச்சு. என் கை தராசுன்னு சொன்னேன்ல? கலயத்தக் கழிச்சா ரெண்டு இருக்கணும், இல்ல. ஒண்ணரை. அரைக் கிலோ கொறஞ்சுது.

தண்ணி குடிங்க தம்பி. மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சே. ப்ளேன் பயமா? ஒண்ணும் ஆகாது. பைய எதுக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்க, யாரும் பிடுங்கிட்டுப் போகப் போறதில்ல. சொல்றேன், முடிச்சிடறேன்.

ரெண்டு மாசம் கழிச்சு திருச்சி ஏர்போர்ட்டுல வீல்சேர்ல உக்காந்திருக்கேன். "அக்கா"ன்னு ஒரு குரல். அடைக்கலம். அண்ணன் பாத்த வேலைய அதுக்கே குடுத்துட்டாங்களாம், கெளம்பி வருது. "அக்கா, காலுக்கு என்னாச்சு?"ன்னு பதறிப் போச்சு. முட்டி தேஞ்சு போச்சுப்பான்னேன். வீல்சேர் தள்ளுறவர ஒதுங்கச் சொல்லிட்டு அதுவே என்னத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. கேட்டு வரைக்கும் தம்பி. பூமி பொளந்து என்ன உள்ள இழுத்துக்காதான்னு இருந்துச்சு.

கேட்டுகிட்ட வந்ததும் பையிலேருந்து ஒரு கவர எடுத்துச்சு. உள்ள இந்தத் துண்டு. துவைச்சு, தேச்சு, நாலா மடிச்சு. "அம்மா குடுத்து விட்டாங்க. அடுத்தவங்க துணியில எம்புள்ள ஆத்துக்குப் போகக் கூடாது, அது யாரோ வர்ற ஆளுக்காகப் போட்ட துணி, திருப்பிக் குடுத்துடுன்னு சொல்லிட்டாங்க. காவிரியில, அம்மா மண்டபத்துல வேற துணியில வச்சுத்தான் கரைச்சோம். உங்கள எங்க பாப்பேனோன்னு தெரியாம, கெளம்புறப்ப கையோட எடுத்துட்டு வந்தேங்கக்கா."

நான் வாங்கிக்கிட்டேன். "அன்னைக்கு அந்த ஸ்டூவர்ட்டு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுப்பா"ன்னேன்.

"அவரு மேல தப்பில்லக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது. நீங்க எனக்காக அவரு பாஷையில எடுத்துச் சொன்னீங்க, அதுக்கும் அவரு கேக்கல. நீங்க ஒருத்தராவது சொன்னீங்களேன்னு அம்மாகிட்ட சொன்னேன். உங்க பேரு தெரியாது, அதனால துண்டு போட்ட அக்கான்னு சொல்லி அம்மா சாமி கும்பிட்டாங்க."

ஏன் தம்பி அப்படிப் பாக்கிறீங்க? 

சரி. காதுல விழலன்னு சொன்னேன்ல. விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. "இதுல எங்க அண்ணன் இருக்காருங்க"ன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. ஸ்டூவர்ட்டுக்குப் புரியல. என் பக்கம் திரும்பி, இவரு என்ன சொல்றாருன்னு மலாய்ல என்னைத்தான் கேட்டாரு. எனக்கு மலாய் தெரியும், பதினோரு வருசம். நான் சொன்னேன், "பாஜு"ன்னு. பாஜுன்னா துணிமணி. துணிமணிதான், வேற ஒண்ணுமில்ல, பழைய துணின்னு சொன்னேன். அவரு தலையாட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு.

ஏன் சொன்னேன்? எனக்குப் பொய்னு தோணுச்சு தம்பி. நாங்களே அப்படித்தான சொல்லுவோம்? கீழ அனுப்பப் போனா, உள்ள சாமி படம் இருக்கு, சுகர் ஊசி இருக்குன்னு ஆயிரம் சொல்லுவோம். இதுவும் ஒரு தந்திரம்னு நெனச்சேன். இல்ல, அதுவும் பொய்தான். அந்த மூஞ்சியப் பாத்தா யாருக்கும் பொய்னு தோணாது. ஜெயராணி பை மேல வரணும். அவ்வளவுதான் என் மனசுல இருந்துச்சு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல எங்க ஃபாதர்கிட்டக் கூட நான் இதச் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன். ஏன்னு தெரியல.

அடைக்கலத்துகிட்ட சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள வீல்சேர்காரங்கள முதல்ல கூப்பிட்டுட்டாங்க.

அன்னையிலேருந்துதான் ஆரம்பிச்சுது. அந்தத் துண்டோட முதல் தடவை வந்தப்ப, பைய கையில தூக்கிப் பாத்துட்டுத்தான் போனேன். ஏழு. கவுண்ட்டர்ல மெஷின் ஏழரைன்னுச்சு. மெஷின் கோளாறுன்னு அடுத்த கவுண்ட்டருக்குப் போனேன். ஏழரை. வீட்டுக்குப் போயி மளிகைக் கடையில வச்சுப் பாத்தேன், ஏழரை. துண்ட எடுத்துட்டு வச்சேன், ஆறு எண்ணூறு. துண்ட மட்டும் தனியா வச்சேன், இருநூறு கிராம். நீங்களே சொல்லுங்க, அந்த அரைக் கிலோ எங்கேருந்து வருது? பெல்ட்டுல போன அரைக் கிலோ அது. எனக்குத் தெரியும். இப்பெல்லாம் ஆறரைதான் கட்டுறேன். பார்ட்டி திட்டுது. திட்டிட்டுப் போகட்டும், வெள்ளைச்சாமிக்குண்டான அரைக் கிலோவ நான் எப்படி எடுத்துக்கிறது?

அப்புறம் இன்னொண்ணு. பழக்க தோசத்துல துண்ட விரிச்சுப் போட்டேன். எறங்குறப்ப பொட்டியத் தொறந்தா, துண்டு விரிச்சபடி இல்ல. நாலு மூலையும் சேத்து முடிஞ்சு கெடக்குது. யாரோ பண்ணிட்டாங்கன்னு பாத்தேன். ரெண்டாவது தடவையும் அப்படியே. மூணாவது தடவை கண்ண எடுக்காம அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு வந்தேன், யாரும் தொறக்கல. தொறந்தா முடிச்சு. அதுக்கப்புறம் நானே முதல்லயே முடிஞ்சு வச்சிடறேன். அதுவா முடிஞ்சுக்கிறதப் பாக்குறதுக்கு இது தேவலாம்.

அதனாலதான் தம்பி இந்த எடம். அன்னைக்கு மேல வரணும்னு ஆசைப்பட்டவரு. நான் விடல. இப்ப ஒவ்வொரு தடவையும் விடறேன். வீல்சேர்ல வந்து, முதல்ல ஏறி, இதே வரிசையில, இதே எடத்த அவருக்குப் பிடிச்சு வைக்கிறேன். எத்தனை பேரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். சண்டைக்கு வந்தாலும் குடுக்க மாட்டேன். ஏதோ என்னால முடிஞ்ச பரிகாரம்.

ஆமா, நீங்க வந்ததும் துண்ட நகத்தப் போனீங்களே. கை பட்டுச்சுல்ல? உண்மையச் சொல்லுங்க. கனமா இருந்துச்சா?

சொல்ல வேண்டாம். உங்க மூஞ்சியே சொல்லுது.

இதோ, ஹோஸ்டஸ் பொண்ணு வந்துடுச்சு. எல்லாரும் ஏறிட்டாங்க போல. என்னம்மா? எடமே இல்லையாமா? பின்னாடியும் இல்லையா? உங்க பைய கீழ அனுப்பணுமாம் தம்பி. இல்ல, சீட்டுக்கு அடியில நுழையாது, நான் அப்பவே பாத்தேன். மேல இருக்கிற எடத்தக் கேக்குது. அது முடியாதும்மா, ஆள் வருது. ஆள் வருதுன்னு சொல்றேன்ல.

என்ன தம்பி சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க, குளிர்காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. விடுங்க, இதுக்குத் தமிழ் புரியாது, நீங்க செரமப்படாதீங்க, நான் சொல்லிடறேன். பாஜும்மா. பாஜுதான். துணிமணி. எடுத்துட்டுப் போ.

குடுத்துடுங்க. பத்திரமா வந்துடும். கைய விடுங்க தம்பி, அது எடுத்துக்கட்டும். அப்படித்தான். நல்ல புள்ள, சண்டை போடாமக் குடுத்துட்டீங்க.

கதவச் சாத்துறாங்க பாருங்க. மேல் பொட்டியையும் மூடிட்டாங்க. அப்பாடா. ஆள் வந்தாச்சு. இனிமே எனக்கு நிம்மதி, திருச்சி வரைக்கும் கண்ண மூடிக்கலாம். நீங்களும் பெல்ட்டப் போட்டுக்கிட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க.

தம்பி? செருப்ப எதுக்குக் கழட்டுறீங்க?

காலை ஏன் தம்பி மேல தூக்கி வச்சுக்கிறீங்க?